ஐந்து படங்களுக்குப் பின்னால் ஒரு கதவு

2009 நவம்பர், ஒரு ஞாயிறு பின்னேரம். ஒன்ராறியோ மாகாணத்தின் ஸ்காபரோவில் வீடு வாங்குகிறவர்களுக்காக வீட்டைப் பரிசோதித்து அறிக்கை எழுதுவது இரத்தினவேலின் தொழில். ஆறு மாதத்துக்கு முன் மில்லிக்கனில் அவர் பார்த்துச் சொன்ன வீட்டை வாங்கியவர் ஸுபைர். அவர்தான் அழைக்கிறார். நமக்குக் கேட்பது இரத்தினவேலின் குரல் மட்டும்.

ஹலோ... ஓம், இரத்தினவேல்தான்... ஆர்?... ஆ, ஸுபைர் நானாவோ. சொல்லுங்கோ... இல்லையில்லை, இப்பதான் சோத்தில கை வைச்சனான், பரவாயில்லை. கதையுங்கோ.

ஓம்... ஓம்... மில்லிக்கன் வீடு, பொன்னம்பலத்தார் வித்த வீடு. ஞாபகம் இருக்கு... ஏன், ஏதும் பிரச்சினையோ?

யன்னலோ... எந்த யன்னல்?... எல்லா யன்னலுமோ. உள்பக்கத்தால தண்ணி வடியுது... துடைக்கத் துடைக்க வருது... ம்.

நானா, ஒரு நிமிசம். ஒண்டு கேக்கிறன், கோவிக்கக் கூடாது. லோயர் ஆரோடையும் கதைச்சனீங்களோ?... இல்லை, சும்மா கேட்டனான்... மச்சான் சொன்னவரோ. என்ன சொன்னவர்?... இன்ஸ்பெக்டரைப் பிடி எண்டோ. அவருக்கென்ன, சொல்லிப்போட்டுப் போவார்.

இல்லை நானா, பயப்பிடேல்லை. நேற்று அஜின்கோர்ட்டில எங்கட இன்ஸ்பெக்டர் ஆக்கள் நாப்பது பேர் கூடினவங்கள். வீடு பாக்கிறவைக்கு லைசென்ஸ் சட்டம் கொண்டு வரவேணும் எண்டு இஞ்சையும் கதை தொடங்கியிட்டுது. வன்கூவர் பக்கம் இந்த வருசம் வந்தே விட்டுது... ஓம், இண்டைக்கு ஒன்ராறியோவில ஒருத்தன் டோச்சும் ஏணியும் வாங்கினால் நாளைக்கு அவன் இன்ஸ்பெக்டர். உண்மைதான். நானே பதினைஞ்சு வருசம் கூரை போட்டு, கொங்கிறீட் சுமந்து, பிறகு இதுக்கு வந்தனான்தானே.

சட்டம் வந்தால் என்னவோ? நீங்கள் கையெழுத்து வைச்ச கடுதாசியில கடைசிப் பக்கம் இருக்கெல்லோ, பிழை விட்டால் பாத்த கூலியை மட்டும் திருப்பித் தருவன் எண்டு. அது செல்லாது. முழு நட்டமும் எங்கட தலையில. கூட்டத்துக்கு வந்த லோயர் சொன்னது இதுதான். ஆர் எடுத்தாலும் ஃபோனில ஒண்டையும் ஒத்துக்கொள்ளாதேங்கோ, மன்னிப்பும் கேக்காதேங்கோ... ஓம், மன்னிப்பும் கூடாதாம். அதுவும் சாட்சியாம்.

சிரிக்கிறியள்... சரி, சரி. யன்னலுக்கு வருவம். றிப்போட்டில பதினோராம் பக்கம் பாருங்கோ. யன்னல் பழசு, குளிருக்கு வேர்க்கும் எண்டு எழுதியிருக்கிறன். அது என்ர பிழையில்லை நானா. சமைக்கேக்கை ஃபானைப் போடுங்கோ, குளிச்சால் கதவைத் திறவுங்கோ... 

என்ன சத்தம் அது?... ஆர் ஓங்காளிச்சுச் சத்தி எடுக்கிறது?... சின்னவன் அர்ஹமோ. பாவம்... எல்லாருக்குமோ? பன்றிக் காய்ச்சலோ... ஹா, நீங்கள் தொடாத மிருகம், உங்கட வீட்டைத் தேடி வந்திருக்கு... ஓம், ஓம், எங்கட தெருவிலயும் பாதிப் பேர் படுக்கை. ஊசிக்கு மூண்டு மணித்தியாலம் லைனில நிண்டதெண்டு சொல்லுகினம்.

உங்களுக்கும் தலையிடியோ... வேலைக்குப் போனால் சுகமாயிடும், வீட்டுக்கு வந்தால் தொடங்கும். நானா, அது கலியாணம் கட்டின எல்லா ஆம்பிளைக்கும் உள்ள வருத்தம்... சொல்லிப்போடாதேங்கோ, ஸெய்னம்பு தங்கச்சி என்னை வீட்டு வாசலில ஏத்த மாட்டா...

... 

இல்லை, இருக்கிறன். நிக்கிறன் லைனில... திரும்பச் சொல்லுங்கோ. கிளினிக்கில இருக்கேக்கை பிள்ளையளுக்குச் சுகம் எண்டோ சொன்னனீங்கள்?... சின்னவன் அங்கை ஓடி விளையாடினவன்... வீட்டுக்கு வந்து ஒரு மணித்தியாலத்தில திரும்பச் சத்தி...

காய்ச்சல் எவ்வளவு?... காய்ச்சல் இல்லையோ. ஒருத்தருக்கும் உடம்பு சுடேல்லையோ?

நானா, ஹீற்றர், அந்தக் கீழ இருக்கிற காஸ் ஃபேர்னஸ், எப்ப போட்டனீங்கள்? இந்தக் குளிருக்கு முதன்முதலா... புதன்கிழமை. தலையிடி எப்ப தொடங்கினது?... வியாழன்.



ஒண்டுமில்லை. ஒண்டுமில்லை, யோசிக்கிறன்... சுவரில காபனுக்கு ஒரு அலாம் இருக்கவேணும், வெள்ளைப் பெட்டி. புகைக்குக் கத்திறது இல்லை, மற்றது... கழட்டிப் போட்டியளோ? ஏன்?... கறி தாளிக்கக் கத்தினதெண்டு... பற்றரியையும் எடுத்தாச்சு... எப்ப கத்தினது? எந்த நாள்?... வெள்ளிக்கிழமை.

நானா, ஒரு வேலை செய்யுங்கோ. காஸ் கொம்பனிக்கு ஃபோன் அடிச்சு ஒரு ஆளை வரச்சொல்லுங்கோ... இல்லை, நாளைக்கு இல்லை, இண்டைக்கு... ஞாயிறெண்டாலும் வருவினம்... சும்மா, ஒரு பாதுகாப்புக்கு... இல்லை, பிரச்சினை எண்டு நான் சொல்லேல்லை. நான் அப்பிடிச் சொல்லேல்லை நானா... 

றிப்போட்டைக் கையில வைச்சிருக்கிறியளோ... ஓம், பதினேழாம் பக்கம்... வாசியுங்கோ... "ஃபேர்னஸும் சுடுதண்ணித் தாங்கியும் பார்க்கப்பட்டன. நல்ல நிலை." ஓம்... ஓம், என்ர கையெழுத்துத்தான்.

அப்ப பிறகேன் காஸ் கொம்பனி எண்டு கேக்கிறியள்... நியாயம்தான்...

முதலில இதைச் சொல்லுங்கோ, பிள்ளையள் இப்ப எங்கை?... அஸ்ஹரும் சின்னவனும் உங்களோட சோபாவில. அஸ்ரா?... மூத்தவள் எங்கை எண்டு கேக்கிறன்.

கீழயோ.

ஏன் கீழ?... மற்றதுகளுக்குத் தொத்தக்கூடாதெண்டு பேஸ்மென்ற்ல தனியப் படுக்க விட்டனீங்கள். எத்தினை நாளா?... மூண்டு நாள்... கடைசியா எப்ப பாத்தனீங்கள்?... காலமை தேத்தண்ணி குடுக்கேக்கை. பிறகு?... நித்திரை எண்டு எழுப்பேல்லை...

நானா, கேளுங்கோ. இது காய்ச்சல் இல்லை. காஸ் எரியிற புகை வெளியில போகாமல் வீட்டுக்குள்ள நிக்குது. அதுக்கு மணமில்லை, நிறமில்லை. அதாலதான் யன்னல் வேர்க்குது, அதாலதான் சத்தி. ஆளை நித்திரையிலயே கொண்டுபோடும். எழும்புங்கோ. எல்லாரையும் வெளியில எடுங்கோ... எப்பிடித் தெரியும் எண்டு கேக்காதேங்கோ, எழும்புங்கோ...

ஏனெண்டால் நான் அந்த ஃபேர்னஸ் ரூமைப் பாக்கேல்லை.

பாக்கேல்லை. கதவையே திறக்கேல்லை. பாத்ததெண்டு எழுதினது பொய்.

ஏசுறதைப் பிறகு ஏசுங்கோ, சொன்னதைச் செய்யுங்கோ. முன்கதவையும் பின்கதவையும் அகலத் திறவுங்கோ. ஸெய்னம்பு சின்னதுகளை இழுத்துக்கொண்டு றோட்டுக்குப் போகட்டும். கோட்டுத் தேட வேண்டாம், போர்வையோட போகட்டும். பக்கத்து வீட்டுக் கதவில தட்டி 911 எடுக்கச் சொல்லுங்கோ, காபன் மொனொக்சைட் எண்டு சொல்லச் சொல்லுங்கோ... நீங்கள் கீழ போகக் கூடாது எண்டுதான் நான் சொல்லவேணும். பெத்த தகப்பனுக்கு எப்பிடிச் சொல்லுறது. மூச்சைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ. லைற் சுவிச்சைத் தேடிக்கொண்டு நிக்காதேங்கோ. ஃபேர்னஸ் பக்கம் போகாதேங்கோ. அவளைத் தூக்குங்கோ, ஏலாட்டி காலில பிடிச்சு இழுங்கோ, மேல வாங்கோ. ஃபோனைத் தங்கச்சியிட்டைக் குடுங்கோ. ஓடுங்கோ.

தங்கச்சி... ஓம், நான் இரத்தினவேல் அண்ணை. நடவுங்கோ, நடந்துகொண்டு கதையுங்கோ... அவர் வருவார்... இல்லை, நீங்கள் திரும்பி உள்ள போகாதேங்கோ. தங்கச்சி, சொல்லுறதைக் கேளுங்கோ. நீங்களும் விழுந்தால் இந்த ரெண்டையும் ஆர் பாக்கிறது. றோட்டில நில்லுங்கோ... பக்கத்து வீட்டில திறந்தவையோ?... 911க்கு அடிக்கினம்... நல்லது. நல்லது.

அஸ்ஹர் நிக்கிறானோ, இல்லாட்டி தள்ளாடுறானோ?... புல்லில இருத்துங்கோ. நல்லா மூச்சை இழுக்கட்டும்...

இன்னும் வரேல்லையோ...

எவ்வளவு நேரம்?... 

அழாதேங்கோ தங்கச்சி. வாசலைப் பாருங்கோ, உள்ள போகாமல் பாருங்கோ. ஏதும் தெரியுதோ?... 

அந்த ரூம் கதவையோ? ஏன் திறக்கேல்லை எண்டோ கேக்கிறியள்... சொல்லுறன். மே மாசம் இருபத்திமூண்டு, சனிக்கிழமை. ஊரில சண்டை முடிஞ்சு ஐஞ்சாம் நாள். பொன்னம்பலத்தாற்றை தங்கச்சி குடும்பம் முழுக்கப் போயிட்டுது வன்னியில. மேல வீடு பாக்க ஆக்கள் வருவினம் எண்டு, படங்களைக் கீழ கொண்டுபோய் வைச்சவை. ஒரு மேசை, ஐஞ்சு படம், ஐஞ்சுக்கும் மாலை, விளக்கு. மேசை நிண்டது ஃபேர்னஸ் ரூம் கதவோட ஒட்டி. முன்னுக்குப் பொம்பிளையள் பாயில இருந்தவை. அந்தப் படங்களை எடுங்கோ, மேசையைத் தள்ளுங்கோ எண்டு நான் எப்பிடிக் கேக்கிறது? செருப்பைக் கழட்டிப்போட்டு நானும் கொஞ்ச நேரம் இருந்திட்டு வந்தன். ஃபேர்னஸ் எப்பிடி எண்டு பொன்னம்பலத்தாரைக் கேட்டன், போன வருசம்தான் திருத்தினது எண்டார். அதை எழுதினன்... 

பாக்கேலாமல் போச்சு எண்டு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் ஏன் எண்டு கேப்பினம். இன்னொரு நாள் வரவேணும். எழுதேல்லை... ஸுபைர் நானாவும் அண்டைக்கு உள்ள வரேல்லைத்தானே. சாவீட்டில வீடு பாக்க வெக்கமாயிருக்கு எண்டு காருக்குள்ளயே இருந்தவர்... இல்லை, அவரைக் குறை சொல்லேல்லை. அவருக்கு வெக்கப்படலாம். எனக்கு அது வேலை.

ஆர் கத்திறது?... வந்திட்டாரோ?... தூக்கிக்கொண்டோ?

கிடத்துங்கோ, புல்லில கிடத்துங்கோ... முகம் எப்பிடி இருக்கு?... கூப்பிடுங்கோ பேர் சொல்லி... கூப்பிடுங்கோ... மூச்சு இருக்கோ எண்டு பாருங்கோ, மூக்கடியில கையை வையுங்கோ... இருக்கோ?... தெரியேல்லையோ?... கையை எடுக்காதேங்கோ, பொறுங்கோ...

இருக்கு. சரி. இருக்கு.

சைரன் கேக்குது எனக்கும்... வந்திட்டாங்கள். வழி விடுங்கோ. அவங்களிட்ட விடுங்கோ.

... 

ஓம் நானா... இருக்கிறன். மாஸ்க் போட்டிட்டாங்களோ... கண் முழிக்கிறாளோ?... இன்னும் இல்லை... சரி. ஏத்தட்டும். தங்கச்சி அவளோட ஏறட்டும். நீங்களும் அந்தப் புகையைக் குடிச்சனீங்கள், உங்களையும் பாக்கச் சொல்லுங்கோ. சின்னதுகளையும் விடாதேங்கோ, எல்லாரும் போகவேணும்.

என்ன கேக்கிறார் ஃபயர்காரர்?... வீட்டை ஆர் பாத்ததெண்டோ... சொல்லுங்கோ. என்ர பேரைச் சொல்லுங்கோ. கதவைத் திறக்காமல் பாத்ததெண்டு எழுதினவன் எண்டு சொல்லுங்கோ... ஓம், எழுதியும் தாறன். அந்த லோயர் கிடக்கட்டும்... சட்டம் வந்தாலும் வராட்டிலும்...

நானா, நான் மன்னிப்புக் கேக்கேல்லை. கேக்கிற முகம் எனக்கில்லை.

என்ன?... 

அந்தக் கிழமை பாத்த மற்ற வீடுகளோ... ஓம், உங்கட வீடு மட்டும் இல்லை... அந்தக் கிழமை எனக்கும் தலை எனக்கிட்ட இல்லை. அக்காவின்ர மகன் எந்த முகாமில எண்டு தெரியாது, ஒரு கையில டோச், மற்றக் கையில ஃபோன். எங்கட ஆக்களின்ர வீடுகள்தான் எல்லாம்... ஓம், அங்கையும் கீழ படம் வைச்சிருந்தவை. சிலதில... அந்தக் கதவை நான் திறக்கேல்லை.

எத்தினை எண்டோ?

ஏழு. உங்களோட ஏழு.

எல்லாரும் இந்தக் கிழமைதான் ஹீற்றர் போட்டிருப்பினம்.

நானா, நீங்கள் வண்டியில ஏறுங்கோ. வைக்கிறன். எனக்கு இப்ப ஆறு வீட்டுக்கு அடிக்கவேணும்.