தோ வர்றேன், அங்கயே இரு

உங்கள் மின்விசிறி மெதுவாகச் சுற்றுவதற்கு மோட்டார் காரணமில்லை, மேடம். கெப்பாசிட்டர் வலுவிழந்திருக்கும். சின்னச் சாமான்தான், மாற்றினால் நன்றாக ஓடும். ஆனால் பெரும்பாலானவர்கள் மின்விசிறியையே கழற்றி எடைக்குப் போட்டுவிடுவார்கள். எது எதனால் நடக்கிறது என்று பார்க்கிற பொறுமை யாருக்கும் இல்லை. நித்யா மேரியை நீங்கள் ஸ்டேஷனுக்குள்ளே உட்கார வைத்திருப்பதும் அதே வகைத் தவறு. அதைத் திருத்தத்தான் சிதம்பரத்தில் பஸ் ஏறிக் கடலூர் வந்தேன். என் பெயர் சபாபதி. அவளுடைய கூட்டாளி.

'கொக்குத்துறை' விளையாட்டை உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஆடியிருப்பார்கள். அலையாத்திக் காட்டுக்குள் வாய்க்கால் வாய்க்காலாகப் படகு விடுகிற ஆட்டம். தெற்கு வீதியில் ஒரு மாடி அறையில் நாங்கள் இருவரும் செய்தது. படமும் குரலும் அவளுடையவை. புரோகிராம் முழுக்க என்னுடையது. இன்றைக்கு எந்தெந்த நாட்டுப் பிள்ளைகளோ ஆடுகிறார்கள். பிள்ளைகளை உட்கார வைப்பது பெரிய வித்தை இல்லை, பளபளப்பாக எதையாவது காட்டிக்கொண்டே இருந்தால் போதும். நான் ஒரு பொன் துடுப்பு வைத்தேன். அதற்காகச் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தார்கள். பெற்றவர்களுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. போனைக் கையில் கொடுத்துவிட்டு, பிறகு எங்கள்மேல் குறை சொல்வார்கள்.

இனிதான் முக்கியமான இடம், கொஞ்சம் கவனியுங்கள்.

பிச்சாவரத்தில் எங்களுக்குப் படகு தள்ளிய உத்திராபதி ஒரு வழக்கம் சொன்னார். காட்டுக்குள் எல்லா வாய்க்காலும் ஒரே மாதிரி இருக்கும். வழி தப்பியவன் கூவுவான். கேட்டவன் பதில் குரல் கொடுப்பான். பதில் கேட்டதும், கூவியவன் படகை வேரில் கட்டிவிட்டு அசையாமல் இருக்க வேண்டும். அவனும் நகர்ந்தால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தேடிச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். கூவியவன் நிற்பான், கேட்டவன் போவான். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு அழகான ஏற்பாடு.

"கொரல் குடுத்துட்டா போயாவணும் தம்பி," என்றார் அவர். "போவ முடியாதவன் வாயத் தொறக்கக் கூடாது."

இந்த ஆட்களுக்கு எதையும் சத்தியப் பிரமாணம் ஆக்கிவிட வேண்டும். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்தது. நித்யாவுக்கு இந்தப் பேச்சு பிடித்துவிட்டது.

அதை வைத்துத்தான் கூவல் பொத்தான் செய்தோம். ஆட்டத்துக்குள் யாராவது பிள்ளையைத் தொந்தரவு செய்தால் அது பொத்தானை அழுத்தி விஷயத்தைச் சொல்லும். நித்யாவின் போன் அலறும். "தோ வர்றேன், அங்கயே இரு" என்பாள். பிறகு உள்ளே போய்த் தொந்தரவு செய்தவனை விரட்டுவாள். ஆட்டத்தின் முதல் பாடமே அதுதான். பதில் வந்துவிட்டால் அசையக் கூடாது என்று அவளே பேசிப் பதிந்து வைத்திருந்தாள். பிள்ளைகள் பள்ளிப் பாடத்தைவிட அதை நன்றாகப் படித்தார்கள்.

அவள் அதை ஒரு வேலையாகவே பார்க்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோவாள். ஒரு முறை கூவிய பிள்ளை பிறகு பேசவில்லை என்று புவனகிரிக்கு பஸ் ஏறிப் போனாள். அங்கே சார்ஜ் தீர்ந்த போனை வைத்துக்கொண்டு அது முறுக்கு தின்றுகொண்டிருந்ததாம். திரும்பி வந்து சிரிக்கிறாள். இப்படிப்பட்டவர்களை வைத்து ஒரு கம்பெனி நடத்த முடியுமா?

அப்போதுதான் அந்தப் பெரிய கம்பெனி எங்களை வாங்க வந்தது. பெயர் வேண்டாம், உங்கள் போனிலும் அவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் விளையாட்டை வாங்குகிறவர்களுக்கு ஒரே பயம்தான், செய்தித்தாள். அதனால் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்: கூவிய பிள்ளை பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறது? பதிலுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று அவர்கள் ஒருபோதும் கேட்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நித்யா ஒருத்தி. பிள்ளைகளோ உலகம் முழுக்க. கூவல்கள் தேங்கின. பதிந்து வைத்த அவள் குரலையே பதிலாக விட்டுவிடலாம் என்றேன். அவள் சாதாரணமாகக் கோபப்பட மாட்டாள், அன்றைக்குக் குரல் மாறிவிட்டது.

"அதுக்கு பொத்தானையே எடுத்துடு சபா. பதில் வரலன்னா புள்ள ஓடும், கத்தும், வேற யாரையாவது கூப்புடும். பொய்யா ஒரு பதில் வந்துச்சின்னா அங்கயே நிக்கும்டா."

சரி என்றேன். பிறகு செய்தேன்.

செய்த விதத்தைச் சொல்கிறேன், கேட்கவே இதமாக இருக்கும். பிள்ளை பொத்தானை அழுத்திப் பேசி முடித்த உடனே அவள் குரல் ஒலிக்கும். ஒலித்ததும் கூவல் கவனிக்கப்பட்டதாகக் கணக்காகும். கவனிக்கப்பட்டதை வைத்திருப்பானேன்? கூவல் அழிந்துவிடும், பதில் மட்டும் பிள்ளையின் போனில் நிற்கும். நித்யாவிடம், கம்பெனியே இதற்கு ஆள் போட்டுவிட்டது என்று சொன்னேன். நம்பிவிட்டாள். பல மாதத்துக்குப் பிறகு முழுச் சாப்பாடு சாப்பிட்டாள். அதற்கும் நான்தான் காரணம், அதை யாரும் சொல்வதில்லை.

இனி குடிகாடு ஊர்ச் சிறுமி, ஸ்ரீமதி. அம்மா தமிழ்ச்செல்விக்குக் கெமிக்கல் கம்பெனியில் ஷிப்டு வேலை, பிள்ளை கையில் பழைய போன். ஆட்டத்துக்குள் ஒருவன் சிறுவனைப் போலப் பழகி, பொன் துடுப்பு தருகிறேன், உப்பனாற்றங்கரைக்கு வா என்றிருக்கிறான். போயிருக்கிறாள். அவனை நீங்கள் பிடித்துவிட்டீர்கள். அவனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அந்த மாதிரி ஆட்களோடு எனக்குப் பேச்சும் இல்லை.

உங்களுக்குப் புரியாதது வேறொன்று. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வீடுகள். அவன் வருவதை அவள் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். அப்படியும் அவள் ஏன் ஓடவில்லை? உடலோடு எடுத்த போனில் "அங்கயே இரு" என்று ஒரு பெண் குரல். அதனால் அந்தப் பெண்ணும் அவனுக்கு உடந்தை என்று முடிவு செய்துவிட்டீர்கள். குரலைப் போட்டுக் காட்டியபோது நித்யாவும் "என் கொரல்தான்" என்றாளாம். அதற்குமேல் அவள் வாய் திறக்கவில்லை என்று உங்கள் ஏட்டு சொன்னார்.

ஸ்ரீமதி ஏன் ஓடவில்லை என்றால், நன்றாக ஆடத் தெரிந்த பிள்ளை, மேடம். சொல்லிக்கொடுத்ததைச் செய்தாள். கூவினாள், பதில் வந்தது, நின்றாள்.

அதைப் பார்த்தவன் நான் என்பதால் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். அன்று சாயங்காலம் எங்களை வாங்க வந்த கம்பெனிக்காரர்கள் கடைசியாக ஒரு முறை பார்க்க வேண்டும் என்றார்கள். அவர்கள் அந்தப் பக்கம் திரையில், நான் இந்தப் பக்கம். கூவல் வருவதை நேரடியாகவே காட்டுகிறேன் என்றேன். முதலில் வந்தது குடிகாடு. அவள் சொன்னது திரையில் எழுத்தாக வந்தது.

"அக்கா, அந்தப் பையன் இல்ல. யாரோ பெரிய ஆளு வர்றாரு. சீக்கிரம் வாங்க."

அதன் கீழேயே பதில் போனதற்கான பச்சை விளக்கு எரிந்தது. கண் இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை. பிள்ளை என்ன சொல்கிறது என்று அவர்கள் கேட்டார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. நன்றி சொல்கிறாள் என்றேன். கை தட்டினார்கள். எழுத்து அழிந்தது. பிறகு பேச்சு கையெழுத்துக்குப் போய்விட்டது.

ஒரு போன் அடித்திருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. யாருக்கு அடிப்பது? இந்த ஸ்டேஷனுக்குத்தான். வண்டியும் உடனே போயிருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் போனை எடுத்தால், பொத்தான் வேலை செய்யவில்லை என்று நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகாதா?

நித்யாவை அனுப்பிவிடுங்கள். குரல் மட்டும்தான் அவளுடையது. ஏற்பாடு என்னுடையது, என் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வெளியே பெஞ்சில் அந்தத் தமிழ்ச்செல்வி உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே வரும்போது பார்த்தேன். அவளுக்கும் நான் விளக்கத் தயார். பதில் போகாமல் இருந்திருந்தால் என்மேல் குற்றம் என்று சொல்லலாம்.

பதில் போனது, மேடம். உடனே போனது.