ஒபிஸ்போவின் செம்பருத்தி

கடையில் வாங்கிய செடியைக் கழுவாமல் வீட்டுக்குள் வைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. உங்கள் மேசை மேல் இருக்கும் மணிப்ளாண்ட்டைத்தான் சொல்கிறேன், ஐயா. இலையில் வெள்ளையாகப் படிந்திருப்பது வெறும் தூசி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

என் பெயர் எர்மெலிந்தா. முப்பது வருடம் ஒரு பல் மருத்துவரிடம் கருவிகளைக் கொதிக்கவைத்துத் துடைத்து அடுக்கினேன். கணவர் போன பிறகு எனக்கென்று இருந்தது ஒபிஸ்போ ஒருவன்தான். பச்சோந்தி. தலையில் பிஷப்பின் தொப்பியைப் போல ஒரு கொண்டை இருந்ததால், எங்கள் மொழியில் பிஷப் என்று பொருள்படும் ஒபிஸ்போ என்றே பெயர் வைத்தேன். அவன் வகைப் பச்சோந்தி பூச்சியோடு நிற்காது, இலையையும் கடிக்கும். ஒளிந்துகொள்ள இலை இல்லாவிட்டால் பயத்தில் கறுத்துப்போகும். அதனால் கூண்டுக்குள் செடி வேண்டும்.

செடிச் சந்தையில் எனக்கு வழக்கமாக ஒரு கடை உண்டு. அந்த அம்மாள் எப்போதும் ஒரே பாட்டுத்தான் பாடுவாள். “பூச்சிமருந்தே அடிக்கலம்மா. நம்பிக்கை இல்லன்னா நீங்களே ரெண்டு இலையப் பறிச்சுத் தின்னு பாருங்க.”

நான் யார் பேச்சையும் நம்புகிறவள் இல்லை. மொட்டை மாடித் தொட்டியில் வைத்து ஒவ்வொரு இலையையும் மேலும் கீழுமாகப் பாத்திரச் சோப்பால் துடைப்பேன். மூன்று தடவை அலசுவேன். செடியோடு வந்த மண்ணை முழுக்க உதறி, அதிலிருக்கும் மஞ்சள் உர உருண்டைகளைப் பொறுக்கி எறிந்து, வேரைக் கழுவி, புது மண்ணில் நடுவேன். மேலே ஆற்றுக் கூழாங்கல், அதுவும் ஒபிஸ்போவின் வாயில் நுழையாத அளவுக்குப் பெரிதாக.

வெளியே இருப்பதைக் கழுவலாம். வேர் வழியாக ஏறி இலைக்குள் போய்விட்ட மருந்தை என்ன செய்வது? மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள் சிலர், ஆறு என்கிறார்கள் சிலர். இந்தச் சிலரை நம்பியா அவனை விடுவது? முதலில் இலையை வெட்டுக்கிளிகளுக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு செத்தன. ஆனால் வெட்டுக்கிளி எதனால் செத்தது என்று வெட்டுக்கிளி சொல்லாது. சொல்லத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார்.

என் கணவரின் தம்பி நிகானோர் அப்போது என்னோடுதான் இருந்தான். பெண்டாட்டி விரட்டிவிட்டாள் என்று இரண்டு வாரத்துக்காகப் புவெப்லா நகரத்திலிருந்து வந்தவன், பதினோரு மாதமாகியும் கிளம்பவில்லை. அதில் எனக்குக் கோபம் இல்லை. நல்லவன். வாய்தான் ஓயாது. லேசாக வயிறு உப்பினாலும் மூன்று தெருவுக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் ஊரில் காலையில் பச்சை ஜூஸ் குடிக்காத வீடு இல்லை. சப்பாத்திக்கள்ளி, அன்னாசி, செலரி, ஒரு கைப்பிடி கீரை. அந்தக் கைப்பிடியை மட்டும் மாற்றினேன்.

“அண்ணி, எங்க அண்ணன் கொடுத்து வச்சவர்,” என்பான் மீசையில் நுரையோடு. “என் பெண்டாட்டி ஒரு நாளாவது இப்படி அரைச்சுக் கொடுத்திருப்பாளா?”

முதல் செடி பத்து நாள். ஒன்றும் ஆகவில்லை, கூண்டுக்குள் வைத்தேன். இரண்டாவது செடிக்கு நான்காம் நாளே அவனுக்கு எச்சில் ஊறியது, கை நடுங்கியது. முந்தின நாள் குடித்த பீர் என்று நினைத்துக்கொண்டான். அந்தச் செடியைப் பையில் கட்டிக் குப்பை வண்டிக்காரரிடம் தனியாகச் சொல்லிக் கொடுத்தேன். வேறு யாருடைய பிராணியும் தின்றுவிடக் கூடாதே. நிகானோருக்கு ஒரு வாரம் ஓய்வு விட்டேன். பழைய மிச்சம் உடம்பில் இருந்தால் அடுத்த சோதனை தப்பாகிவிடும்.

மூன்றாவது, அடுக்குச் செம்பருத்தி. அழகான செடி. எட்டாம் நாள் காலை, “இன்னைக்குக் கொஞ்சம் கசக்குது அண்ணி, இருந்தாலும் நல்லாத்தான் இருக்கு,” என்று கடைசிச் சொட்டு வரை குடித்தான். குளிக்கப் போனான். தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.

மருத்துவர் வந்தார். அறுபத்தோரு வயது, இந்தத் தொப்பை, இவ்வளவு சிகரெட். மாரடைப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் அழுதேன், ஐயா. வீடு திடீரென்று அவ்வளவு அமைதியாகிவிட்டது. ஒன்பது நாள் ஜெபமாலை சொன்னோம். வந்தவர்களுக்கெல்லாம் காபியும் இனிப்பு ரொட்டியும் கொடுத்தேன், குறை வைக்கவில்லை. பத்தாம் நாள் செம்பருத்தியைக் கூண்டுக்குள் வைத்தேன். மருத்துவரே மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்த பிறகு செடியின் மேல் என்ன சந்தேகம்?

ஒபிஸ்போ மூன்று இலையும் ஒரு பூவும் தின்றான். மறுநாள் பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டு கூண்டின் தரையில் கிடந்தான். பச்சோந்தி பகலில் கண்ணை மூடினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் உள்ளங்கையிலேயே போய்விட்டான். அந்தச் செடியையும் அவனையும் ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு, கடைக்காரி மேல் புகார் கொடுக்கத்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். செடி சுத்தம் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்டீர்கள். கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

நீங்கள் ஆள் அனுப்பிக் கீழ்வீட்டு சபினாவிடம் எழுதி வாங்கியதை இப்போது வாசித்துக் காட்டினீர்கள். செம்பருத்தி கொடுத்த ஆறாம் நாளே நிகானோர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறான். “அண்ணி காதுல போட்டுறாதீங்க. எனக்காகத் தினமும் மெனக்கெட்டு அரைக்கிறாங்க. அந்த ஜூஸுதான் ஒத்துக்கலன்னு சொன்னா அவங்க மனசு ஒடிஞ்சு போயிரும்.”

பதினோரு மாதம் வாய் மூடாதவன், இந்த ஒன்றை மட்டும் என்னிடம் மறைத்துவிட்டான்.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இலையைப் பறித்தது நான், அரைத்தது நான், கையில் கொடுத்ததும் நான். ஆனால் ஆறாம் நாள் அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே அந்தச் செடியைத் தூக்கி எறிந்திருப்பேன். ஒபிஸ்போவைக் கொன்றது நிகானோர்தான்.