பர்மனெண்டா, காண்ட்ராக்டா?

மந்தாரக்குப்பத்தில் நான் ஏறிய பஸ்ஸில், முன் இருக்கையில் சுரங்கச் சீருடையில் ஒருவரும், விடுமுறைக்கு வந்திருந்த அவர் மகளும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"மாப்பிள்ளை வூட்டுல கேக்கறாங்கம்மா. உன் பி.எச்.டி. பர்மனெண்டா, காண்ட்ராக்டா?"

மகள் சிரித்துவிட்டாள். "காண்ட்ராக்ட்தாம்பா. இன்னும் ரெண்டு வருஷம். அப்புறம் பேருக்கு முன்னாடி டாக்டர்னு போடுவாங்க. அது பர்மனெண்ட்."

"அதுவரைக்கும் அங்க என்னதான் பண்ணுவ?"

"பகல்ல லேப்ல பூசணம் வளப்பேன். சாயங்காலம் ஷட்டில் ஆடுவேன். இப்ப நீச்சல் வேற கத்துக்கினு இருக்கேன்."

"பூசணமா? அத உங்கம்மா ஊறுகா ஜாடியிலயே வளக்கறாளே!"

"கிண்டல் பண்ணாதப்பா. படிப்ப முடிக்கணும். இப்ப கல்யாணம் வேணாம்."



"காண்ட்ராக்ட நடுவுல வுட்டா ஒண்ணும் கெடைக்காது. ரெண்டு வருஷம் பொறுக்கச் சொல்றேன்."

"பொறுக்கலன்னா?"

"அந்த மாப்பிள்ளை டெம்பரரின்னு வுட்டுடலாம்."