மரியாதை மறித்த வெள்ளம்

எதிர்க்கரை மொரிட்டேனியாவிலிருந்து படகேறி வந்து, பாதி ஈரத்தோடும் முழுக் கம்பீரத்தோடும் தலைமை தாங்கும் பெரியவர் ஹமாத் கான் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! மீன் கூடையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்க வந்திருக்கும் என் தாய்மார்களே! நிழலுக்காக ஒதுங்கி என் பேச்சில் சிக்கிக்கொண்ட இளைஞர்களே! எல்லோருக்கும் கடைசியாக, மாலி நாட்டு அணையின் மதகை மடியில் முடிந்துகொண்டு மேடையில் அமர்ந்திருக்கும் என் வீட்டு அடிமை, காராமணி தின்னி, பொறியாளர் பக்காரி ஜாராவே! உங்கள் அனைவருக்கும் இந்த ஜெய்னபா ஜோப்பின் ஸலாம்!

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். போன ஆண்டு இந்த வார்த்தைக்கு நதியே நின்றுபோக இருந்தது!

எங்களுக்குள் கேலி முறை. செனகலில் ஜோப் குலத்தில் பிறந்தவள் மாலியில் ஜாரா குலத்தில் பிறந்தவனைத் திட்டலாம். அவனும் திட்டலாம். கோபித்துக்கொள்ளத்தான் கூடாது. இது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஆற்று மீனுக்கும் தெரியும். தெரியாத ஒருவர் இருந்தார். அதோ, நெற்றி சிவக்க உட்கார்ந்திருக்கிறாரே, கடல் தாண்டி வந்த யோர்கன், அவர்தான். நம் நாடுகளின் கூட்டு நதிக்குழுவுக்கு நிதி தருகிறவர்கள் கூட்டக் குறிப்பு எழுத அனுப்பியவர். நல்ல மனிதர். காதில் விழுந்ததையெல்லாம் எழுதுவார். அதுதான் வினை.

போன ஆகஸ்டில் அந்தக் குழுவின் கூட்டத்துக்கு நான் எதற்குப் போனேன்? மதகைத் திறந்து பதினைந்து நாள் வெள்ளம் விடு என்று கேட்கப் போனேன். வெள்ளம் ஏறி வடிந்தால்தான் நம் மண்ணில் சோளம். வெள்ளம் இல்லையேல் விதைப்பு இல்லை, விதைப்பு இல்லையேல் அடுப்பு இல்லை, அடுப்பு இல்லையேல் இந்த ஊரே இல்லை!

வாசலிலேயே ஜாரா, “என்ன சோத்துப்பானை, இன்னும் உசுரோடதான் இருக்கியா?” என்றான்.

“உன்னைச் சந்தையில வித்துட்டுத்தாண்டா சாவேன், காராமணி தின்னி!” என்றேன்.

நலம் விசாரித்தோம், அவ்வளவுதான்! யோர்கன் என்ன எழுதினார் தெரியுமா? ‘செனகல் பிரதிநிதி, மாலிப் பிரதிநிதியை விற்கும் உரிமை தமக்கு உண்டு என்றார். மாலித் தரப்பு மறுக்கவில்லை. காராமணி தொடர்பாகவும் பழைய தகராறு இருப்பதாகத் தெரிகிறது. நிபுணர் குழு அமைக்கலாம்.’

அந்தத் தாள் கடல் தாண்டியது. மறுநாளே கடிதம் பறந்து வந்தது. இனி ஒரு வசைச்சொல் கேட்டாலும் நிதி நிற்குமாம். நாவடக்கம் வேண்டுமாம், நாகரிகம் வேண்டுமாம்!

நாகரிகமானோம், நல்லோர்களே, நாகரிகமானோம்! “மாண்புமிகு ஜாரா அவர்களே, எங்கள் கோரிக்கை...” என்றேன். “மதிப்பிற்குரிய அம்மையாரே, பரிசீலிக்கிறோம்” என்றான். “நன்றி” என்றேன். “நன்றிக்கு நன்றி” என்றான். இரண்டு நாள்! ஒரு சொட்டுத் தண்ணீர் நகரவில்லை. மதகு திறக்க வேண்டிய தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் மதியம் ஒரே தாம்பாளத்தில் மீன்சோறு வைத்தார்கள். பத்து வருடமாக என் பக்கத்து மீனைத் திருடித் தின்கிற ஜாரா, அன்று தன் பக்கத்துச் சோற்றை மட்டும் ஒழுங்காக உண்டான். என் மீன் அப்படியே கிடந்தது. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. மனிதன் எதையோ மறைக்கிறான்!

“நிதி போனா மசுராச்சு” என்று எழுந்தேன். மன்னியுங்கள் தலைவரே, அப்படித்தான் சொன்னேன். “டேய் காராமணி! மேல உக்காந்து மொத்த ஆத்தையும் முழுங்கிட்டு பரிசீலிக்கிறியா? எங்க மண்ணு வெடிச்சுக் கெடக்குடா! உள்ளதைச் சொல்லித் தொலை!”

அவன் முகம் மலர்ந்தது பாருங்கள்! மூச்சே அப்போதுதான் வந்தது போல.

“ஏ சோத்துப்பானை, உன் வாயைத்தான் தேடிட்டு இருந்தேன்! அணையில தண்ணி இல்லடி. பதினஞ்சு நாள் விட்டா ஏப்ரல்ல கரண்டு எடுக்கத் தண்ணி இருக்காது, எங்க ஊர் ஆஸ்பத்திரில விளக்கு எரியாது. பத்து நாள்தான் தாங்கும். இதை மரியாதையா எப்படிச் சொல்றது?”

“எங்களுக்கும் பதினஞ்சு வேணாம்டா. பேரம் படியும்னு கூட்டிக் கேட்டேன். பன்னெண்டு போதும்.”

பொய் சொன்னவள் நான், மறைத்தவன் அவன். இரண்டு நாள் மரியாதை மறைத்ததை இரண்டு வசவு வெளியே கொண்டுவந்தது! யோர்கன் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இதை எழுதவா வேண்டாமா?” என்று பரிதாபமாகக் கேட்டார். “பத்து நாள்னு மட்டும் எழுது, ராசா” என்றேன்.

பத்து நாள். கையெழுத்துப் போட்டவள் நான். பத்தாம் நாள் வெள்ளம் எது வரை ஏறும், பன்னிரண்டாம் நாள் எது வரை ஏறும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? நாற்பது குடும்பங்களின் தாழ்ந்த நிலம் நனைந்தது. என் மேட்டு நிலத்துக்கு முப்பது தப்படி முன்னால் தண்ணீர் நின்றது. நான் அந்த ஈரக்கோட்டில் நின்று அழுதேன். ஆமாம், அழுதேன்! ஆனால் ஏமாற்றிவிட்டான் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. ஏப்ரலில் அவன் ஊர் ஆஸ்பத்திரியில் விளக்கும் எரிந்தது. நிஜம் சொல்கிறவனோடு நதியைப் பங்கிடலாம், தோழர்களே! நயமாகப் பேசுகிறவனோடு ஒரு குடம் பங்கிட முடியுமா?

இந்த ஆண்டு நம் நதி பிறக்கும் கினி மலைகளில் மழை கொட்டியிருக்கிறது. அணை நிறைந்திருக்கிறது. எழுந்திரு ஜாரா! இந்தச் சபை பார்க்கச் சொல், எத்தனை நாள்?

என்ன, வாய் திறக்க மாட்டானாம், விரலைக் காட்டுகிறான். எட்டு... ஒன்பது... பத்து. பத்தா! யாரது பின்னால்? “அவனுக்குப் பத்து விரல்தானே இருக்கு” என்கிறீர்களா? நல்ல கேள்வி, தாயே! டேய், செருப்பைக் கழற்று! கழற்றுகிறான்... தலைவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறான்... காலைத் தூக்குகிறான்... ஒரு விரல்... பதினொன்று... இன்னொன்றையும் நீட்டுடா!

பன்னிரண்டு! பார்த்தீர்களா, பன்னிரண்டு! யோர்கன், எழுதிக்கொள்! என் மேடு நனையப் போகிறது, தாய்மார்களே, என் மேடு நனையப் போகிறது!

பேச்சை முடிக்கிறேன். வெயிலில் இருந்து கேட்ட உங்களுக்கு நன்றி. சாய்ந்துவிடாமல் நின்ற தலைவருக்கு நன்றி. ஜாராவுக்கு மட்டும் நன்றி சொல்ல முறை இடம் கொடுக்காது. அவன் செருப்பை யாராவது எடுத்துக் கொடுங்கள். எல்லோருக்கும் ஸலாம்!