மூட்டையா, ஆளா?

"நேத்து ஒரு மனுஷனைக் குப்பை மூட்டைன்னு போடச் சொன்னாங்கக்கா."

தாம்பரத்தில் கிளம்பிய மின்சார ரயிலில், எதிர் சீட்டிலிருந்த இளம்பெண் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னாள். டிரைவர் இல்லாமல் ஓடும் கார்களுக்கு, ரோட்டுப் படங்களில் எது மாடு, எது ஆள் என்று கம்ப்யூட்டரில் கட்டம் போட்டுக் காட்டுவது அவள் வேலையாம்.

"அடப்பாவமே, எதுக்குடி?"

"ரோட்டோரம் போர்வையைப் போத்திக்கினு படுத்திருக்காரு. பார்த்தா மூட்டைதான். ஆனா பாதம் வெளிய தெரியுது. ஆள்னு போட்டேன். டீம் லீடர் தப்புன்னு திருப்பி அனுப்பிட்டாரு."

"சொன்னபடி போட்டுட்டுப் போவியா... வேலை போயிடும்டி."

"மாட்டேன்னுட்டேன். மூட்டைதானேன்னு கார் அவர் மேல ஏறிடுச்சுன்னா? நேரா லீடர் சீட்டுக்கே போய், படத்தைப் பெருசாக்கிக் காட்டினேன்."

"இன்னா சொன்னாரு?"

"ஆமா, ஆள்தான்னு ஒத்துக்கினாரு. அப்புறம், பழைய படத்துல மூட்டைன்னு போட்டது எல்லாத்தையும் திரும்பப் பார்க்கணும்னுட்டாரு. அதான் ஞாயித்துக்கிழமையும் ஆபீஸ். எல்லாரும் என்னைத் திட்டிக்கினு இருக்காங்க."

"பேஜாராப் போச்சே!"

குரோம்பேட்டை வந்தது. அவள் பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"திட்டட்டும்க்கா. அந்த மூட்டைங்கள்ல இன்னும் யாரெல்லாம் படுத்திருக்காங்களோ."