பதில் ஆள்

நர்ஸ் ஓடினாள். விடியற்காலை ஐந்துக்குப் பத்து நிமிடம். நீண்ட நடைவழியில் ஆளே இல்லை... கடைசிக் கட்டிலின் அலாரம் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. எண்பத்தொரு வயது சின்னையா, கம்பித் தடுப்பைத் தாண்டி ஒரு காலை வெளியே போட்டிருந்தார்.

சரியான நேரத்தில் பிடித்துவிட்டாளாம். கூட்டாளி ஒருவனின் அக்காவுக்கு நடந்தது என்றுதான் ஜெயபாலன் ஆரம்பித்தான்.

விடிய விடியப் பந்தாட்டம் பார்த்துவிட்டு, சுங்கை சிப்புட்டில் அவன் வீட்டுக் கூடத்தில் நாங்கள் நாலு பேர் ஒண்டிக்கொண்டிருந்தோம். மனைவி துளசி உள்ளே தூங்குகிறாள், மெதுவாகப் பேசுங்கள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டான். இடது கையால்தான் தேநீர் குடித்தான். வலது கை தலையணைக்கு அடியில்.

ஈப்போவுக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தில் கட்டிய முதியோர் இல்லம் அது. சின்னையா அதே தோட்டத்தில் மரம் வெட்டிப் பால் எடுத்தவர். ஏற்கெனவே இரண்டு முறை விழுந்தாயிற்று. மூன்றாவது முறை விழுந்தால் இடுப்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். விழக்கூடியவர் என்று காட்டும் மஞ்சள் கைப்பட்டை, வழுக்காத காலுறை, தாழ்ந்த கட்டில்... எதுவும் பலிக்கவில்லை. தினமும் அதே நேரத்துக்கு எழுந்துவிடுவார். பெரட்டுக்கு மணி அடிக்கிறதாம். தோட்டத்துக் குமாஸ்தா, கிராணி, பேர் கூப்பிடுகிறாராம்.

"ஃபிளாட்டுல பொறந்த பசங்களுக்குப் பெரட்டு எங்க தெரியப்போவுது," என்றான் ஜெயபாலன்.

விடியுமுன் தோட்டத்தில் ஆள் எண்ணும் வரிசை அது. வர முடியாதவனின் மரங்களில் பால் வெட்டப் பதில் ஆள் நிற்க வேண்டும்.

அன்று நர்ஸுக்கு அலுத்துப் போயிருந்தது. கிழவரைப் படுக்க வைத்துவிட்டு, இருட்டைப் பார்த்துச் சும்மா சொன்னாள்.

"கிராணி ஐயா, சின்னையாவுக்கு ஒடம்பு முடியல. பதில் ஆளா நான் வாரேன்."

அலாரம் நின்றது. ஜன்னல் மூடிய அறைக்குள், மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் வாடை... புளித்து, அழுகி. பிறகு, தாளில் யாரோ பென்சிலால் எழுதும் சத்தம். கர்... கர்...

அதன்பிறகு சின்னையா அந்த நேரத்துக்கு எழுந்ததே இல்லை. விழவும் இல்லை. இப்போதும் நன்றாக இருக்கிறாராம்.

"அந்த நர்ஸ் என்னா ஆனா?" என்றான் எங்களில் ஒருவனான எரிக்.

ஜெயபாலன் சுவரில் மணி பார்த்தான். ஐந்துக்குப் பத்து.

தலையணை அசைந்தது. அவன் வலது கை வெளியே இழுபட்டது. மணிக்கட்டில் நைலான் கயிறு... தரையோடு ஓடி, படுக்கையறைக் கதவுக்கு அடியில் நுழைந்திருந்தது. விண்ணென்று விறைத்தது.

"ரெண்டு தடவ விழுந்துட்டா," என்றான், எழுந்துகொண்டே. குரலில் ஒன்றுமே இல்லை.

துளசி ஏன் நர்ஸ் வேலையை விட்டாள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

மணிச் சத்தம் எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை. வாடை மட்டும் வந்தது... கதவுக்குப் பின்னால் துளசியின் குரல்.

"இந்தா வாரேன், கிராணி ஐயா."