பக்கத்து வீட்டுப் புல்

அறுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். செம்பூரிலிருந்து மாட்டுங்கா போகும் பஸ்ஸில் எனக்கு முன் ஸீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சொன்னதைக் கேட்டுத்தான் நான் நிமிர்ந்தேன்.

“புல்லுக்கு சோப்பு போட்டு அலம்பறா, மாமி!”

“யாருடி?”

“பக்கத்தாத்து சரோஜா. அவ அண்ணா கப்பல்ல வேலையா இருக்கானோல்லியோ, அமெரிக்காலேர்ந்து பிளாஸ்டிக் புல்லுப் பாய் கொண்டுவந்திருக்கான். முற்றம் பூரா விரிச்சிருக்கா.”

“அங்கெல்லாம் களிமண்ணாச்சே, மழை பெஞ்சா தண்ணி நிக்குமே?”

“நானும் அதைத்தான் நம்பிண்டிருந்தேன். பாய் மிதக்கணும்னு பிள்ளையாருக்குக்கூட வேண்டிண்டேன். அவ ஆத்துக்காரர் முன்னாடியே களிமண்ணை வெட்டியெடுத்து, செங்கல் ஜல்லியும் மணலும் கொட்டி, தெருச் சாக்கடைக்கு வாட்டம் விட்டிருக்கார். இத்தனை மழையிலயும் அங்கே சொட்டுத் தண்ணி நிக்கலை. எங்காத்து முற்றம் குளமாயிடுத்து.”

“உன் ஆத்துக்காரரையும் அப்படியே பண்ணச் சொல்லேன்.”

“சரோஜா ஆத்துக்காரரே வந்து பண்ணித் தரேன்னார், மாமி. ஜல்லி மீந்திருக்காம். நான் வேண்டாம்னுட்டேன்.”

“ஏண்டி அசடே?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“தண்ணி நின்னா மழையைக் குத்தம் சொல்லிக்கலாம். வடிஞ்சுடுத்துன்னா, அவ புல்லுக்குப் பக்கத்துல என் வெறும் மண்ணுதானே தெரியும்?”